பெட்டிக்குள் போட்ட விலாசம்

சாமி, இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் விலாசம் என்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நீ அனுப்பிய பேசும் பெட்டிக்குள் உன் தங்கை தட்டிப் போட்ட அமெரிக்க விலாசம் அது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருப்பார்கள். உன் போனுக்கு அவள் அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டன. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று அவள் சொன்னாள். நம் ஊர் பேர், நம் வீட்டு ஆள் பேர் எதுவும் போடாமல் எழுதினால் நமக்கு மட்டும் புரியும் என்றாள். நீ எங்கே இருந்தாலும் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பாய், பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவன் நீ என்பது அவள் நம்பிக்கை. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அவளுடைய பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். சொல்வது நான்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அமெரிக்காவில் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரியும், உனக்குப் பேசி வைத்திருந்த பல்லடத்துப் பெண்ணுக்கும் தெரியும். இனிமேல் நீ யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உன் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கோயமுத்தூரில் கொடுத்தார். அப்பா பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுப் போய் வாங்கிவந்தார். சின்னச் சர்க்கரைப் பானை மாதிரி உருண்டையாக, கறுப்பாக இருந்தது. அதன் பிளக் நம் வீட்டு சுவிட்ச் போர்டில் நுழையவில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு மாற்று பின் வாங்கி மாட்டியதும் தலையில் நீல வெளிச்சம் சுற்றியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. உன் தங்கை போனில் எதையெதையோ அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, எந்த நாடுன்னு கேக்குது. லிஸ்ட்ல இந்தியாவே இல்லை" என்றாள். நீ போனில் சிரித்தாய். "அத இன்னும் நம்மூருக்கு விடல கண்ணு. நீ என்ர விலாசத்தையே போட்டுரு. அது அமெரிக்காவுல இருக்கறதா நெனச்சுக்கும்" என்றாய். அவள் நீ சொல்லச் சொல்ல வீட்டு நம்பர், தெரு, பஃபலோ, பின்கோடு எல்லாம் போட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நம்பரத் தப்பாப் போட்டுராத கண்ணு. பொறவு பெட்டி யாரூட்டுக்காவது போயிரும்" என்று பயந்தார். போட்டு முடித்ததும் அது பெண்குரலில் வணக்கம் சொன்னது. நம் வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு உன் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டது.

அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். உன் தங்கை பேசினாலும் முதலில் புரியவில்லை. அவள் பாடம் ஒப்பிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகினாள். அப்பா ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்து அதனிடம் போய், "ஏஞ்சாமி, பையன் நல்லாருக்கானா?" என்று கேட்டிருக்கிறார். அது மன்னிக்கவும், புரியவில்லை என்றது. உன் தங்கை வந்து அர்த்தம் சொன்னதும், "பரவால்லயே, மன்னிப்புக் கேக்குதே. முப்பது வருசத்துல எந்த ஓனரும் எங்கிட்டக் கேட்டதில்ல" என்றார். அவருக்கு அதைப் பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம் அது போடுகிற பாட்டு இல்லை. அந்த ஊர் வானிலையை அது சொன்னதுதான். விலாசம் உன்னுடையது என்பதால் வெயில், மழை, மணி எல்லாமே உன் ஊருடையது. முதல் நாள் முப்பத்திரண்டு டிகிரி என்று சொன்னது. அப்பா, "முப்பத்திரண்டுதானா? நம்மூரு மார்கழி மாதிரிதான். இதுக்கா ஸ்வெட்டர் வேணும்னு கேட்டான்?" என்றார். அந்த நாட்டுக் கணக்கில் முப்பத்திரண்டு என்றால் தண்ணீர் உறைகிற குளிர் என்று உன் தங்கை பாடப் புத்தகத்தை எடுத்துவந்து விளக்கினாள். அப்பா எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காலையில் டீ குடிக்கும் முன் அவளை எழுப்பிக் கேட்கச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டுதான் அயர்ன் டேபிளுக்குப் போவார். கம்பெனியில் தேய்த்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்வார். பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கிற ஈஸ்வரி, "ஏனக்கா, உம் பையன் எருமைன்னு ஒரு ஊர்ல இருக்கானாமா? பாலு கறக்கவா போனான்?" என்று கேலி செய்வாள். மறுநாள் அவளே, "இன்னிக்கி எருமையூர்ல பனி உண்டுங்களா?" என்று கேட்பாள். எங்கள் லைன் முழுவதும் உன் ஊர் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

உன்னோடு போனில் பேசும்போது நாங்கள் வேறென்ன பேசினோம், யோசித்துப் பார். நம் பக்கத்தில் யார் யாருக்குப் பேசினாலும் மழை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போதே எதிராளி எங்கே நிற்கிறான், எப்படி இருக்கிறான் என்பது குரலில் வந்துவிடும். பெட்டி வந்த பிறகு அப்பா அதைக் கேட்பதை விட்டுவிட்டார். "அங்க இன்னிக்கு மழையாமா சாமி, கொட எடுத்துக்கோ" என்பார். நீ "எடுத்துக்கிட்டனுங்கப்பா" என்பாய். "ராத்திரி காத்து அடிக்குமாமா, ஜன்னலச் சாத்திக்கோ" என்பார். "சாத்திட்டனுங்கப்பா" என்பாய். கேள்வியும் நாங்கள், பதிலும் நாங்கள். நீ பொய் சொன்னாய் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பெட்டி சொன்னதற்கு நீ ஆமாம் போட்டாய், அவ்வளவுதான். என்றைக்கு அந்த ஊரை விட்டு வந்தாயோ, அன்றைக்கு "மழை உண்டா சாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ நிற்கிற இடம் உன் குரலில் வந்திருக்கும். அந்த இடத்தை நாங்கள் உனக்கு விட்டுவைக்கவில்லை.

உனக்கு வேலை போனதா, விசா போனதா, எப்போது திரும்பினாய், எதுவும் எனக்குத் தெரியாது. முகம் காட்டிப் பேசுவதை நீ நிறுத்தியபோது கேமரா கெட்டுவிட்டது என்றாய், நம்பினேன். நாள் முழுக்க பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. ஆனால் உன் குரலில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கா என்றால் குரல் அப்படித்தான் சோர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி அன்று வழக்கமான அறிக்கைக்கு முன்பே எச்சரிக்கை சொன்னது. பெரிய பனிப்புயல், யாரும் வெளியே போக வேண்டாம் என்று. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன்னைக் கூப்பிட்டார். அங்கே ராத்திரி பத்தரை என்று பெட்டி சொல்லியிருந்தது. நீயும், "ஆமாங்கப்பா, படுக்கப் போறனுங்க. ஜன்னல் மட்டுக்கும் பனி ஏறிக் கெடக்குது" என்றாய். அப்பா ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லப் போய்விட்டார். நானும் உன் தங்கையும் மட்டும் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். அப்போது உன் பின்னால், தெருவிலிருந்து ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக், பழைய பேப்பர், ஓடாத ஃபேன், ஓடாத மிக்சி எடுக்கறோம்." நல்ல தமிழில், நிதானமாக, இரண்டு தடவை. வண்டி உன் வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு நீ, "டிவிங்கம்மா" என்றாய். நான், "செரி சாமி. தூங்கு" என்றேன். வெளியே நம் வீட்டில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. உன் வீட்டிலும் அதே வெயில்தான் அடித்திருக்கும்.

உன் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அண்ணன் இங்கதான் இருக்கான்" என்றாள். நான் அவளை வாயை மூடச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவளும் நானும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டோம்.

அடுத்த ஞாயிறு பல்லடத்திலிருந்து பெண் வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கல்யாணத்தை உறுதி செய்ய வந்தார்கள். அவர்கள் தறி வைத்திருக்கிற குடும்பம், சொன்ன சொல் மாறாதவர்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீயே வந்துவிடுவாய், இன்றைக்குள் ஒரு போன் பண்ணிவிடுவாய் என்று அடுப்படியில் நின்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களை உட்காரவைத்து அப்பா பெட்டியைக் காட்டினார். "மாப்ள ஊரு நெலவரத்த நீங்களே கேளுங்க" என்றார். உன் தங்கை கேட்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். "வெக்கப்படறா பாருங்க" என்று சிரித்துவிட்டு அப்பா தானே ஆங்கிலத்தில் கேட்டார். மாதக்கணக்கில் காதால் கேட்டுக் கேட்டு அந்த ஒரு வரி அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. பெட்டிக்கு அது புரிந்தது. பனி, இன்றும் பனி என்று சொன்னது. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடேங்கப்பா, ஐஸ் பொட்டிக்குள்ள குடும்பம் நடத்தோணுமாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே தடிப்பான உள்பனியன், முழுக்கை வைத்தது. எக்ஸ்போர்ட்டில் மீந்ததை விற்கிற கடையில் வாங்கியிருக்கிறாள். "அத்தை, நீங்க செக்கிங்ல இருக்கறீங்கன்னு சொன்னாங்க. இந்தத் துணி அந்தக் குளுருக்குத் தாங்குமுங்களா? ரெண்டு வாங்கியிருக்கேன். ஒண்ணு அவிங்களுக்கு" என்றாள். நான் பழக்கத்தில் கழுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல தையல், ஒரு குறையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் தாங்கும் என்றும் சொல்ல முடியவில்லை, தாங்காது என்றும் சொல்ல முடியவில்லை. "கண்ணு, அவன் அங்க இல்ல" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கேஸ் சிலிண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "மாமாவுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப இன்னிக்கு யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க அத்தை. எங்கூட்ல நாஞ் சொல்லிக்கறனுங்க, எனக்குத்தான் இஷ்டமில்லன்னு. நீங்க மாமாகிட்டச் சொல்லிருங்க, பாவம், எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு" என்றாள். கவரை மடித்துப் பையில் வைத்தவள், பிறகு ஒன்றை மட்டும் எடுத்து மேடை மேல் வைத்துவிட்டுப் போனாள். உன் அளவு அது. இப்போது உன் பீரோவில் இருக்கிறது. சாமி, அவள் உனக்கு மனைவியாக வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அவளுடைய படிப்பைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் யார் என்பது எனக்குத் தெரிந்ததே அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதற்குள் அவள் நமக்கு இல்லை என்றாகிவிட்டது. அவள் வீட்டில் அவளைத் திட்டியிருப்பார்கள். உன் பேரில் விழவேண்டிய சொல்லையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "இப்ப எந்த ஊருங்கறான்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு உன் தங்கையைக் கூப்பிட்டு, "கண்ணு, அந்தப் பெட்டியில நம்மூட்டு விலாசத்தப் போட முடியுமா, பாரு" என்றார். அவள் மறுபடியும் பார்த்துவிட்டு, "நம்ம நாடே இதுல இல்லீங்கப்பா" என்றாள். "செரி, அப்ப அணைச்சுரு" என்றார். அன்றைக்கு உன் தங்கை யாரையும் கேட்காமல் உனக்குச் செய்தி அனுப்பினாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு அண்ணா. நீ வந்துரு." அதை நீ பார்த்தாய். நீல டிக் விழுந்தது. பிறகு அனுப்பியது எதுவும் உன்னிடம் சேரவில்லை. அவள் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டாள். தன்னால்தான் நீ போனாய் என்று நினைக்கிறாள். அப்படி இல்லை என்று நான் சொல்வதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுது கண்ணு. அவள் செய்தது சரி.

உனக்கு என்ன புத்திமதி சொல்வது? வேலை போவது நம் வீட்டில் புதிதா? ஆர்டர் இல்லாமல் கம்பெனியைப் பூட்டிய வருஷம் நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பா நட்டநடு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். காம்பவுண்டுக்குள் நுழையும்போதே எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "வேல போச்சு, ஒரு டீயப் போடு" என்றார். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் உன்னோடு உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் கேரம் ஆடினார். நீ ஜெயித்தாய். அப்பா தினமும் வீட்டில் இருக்க வேண்டும், கம்பெனி திறக்கவே கூடாது என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாய். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, வேலை போச்சு என்று சொல்ல வாய் வராமல் போனதென்றால், நடுவில் நாங்கள் உன்னை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருக்க வேண்டும். இறங்குவதற்கு ஏணி வைக்கவில்லை. தோற்றால் வீட்டுக்கு வரலாம் என்பதை நாங்கள் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்தோம். பெற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை, சொன்னால்தான் கேட்கிறது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்.

இப்போது அப்பா என்ன செய்கிறார் என்பதையும் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அப்படியே பஸ் ஏறிவிடுகிறார். கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிற ஊருக்கெல்லாம் போகிறார். சென்னைக்குப் போனார், ஓசூருக்குப் போனார், போன வாரம் கோயமுத்தூர் சரவணம்பட்டிக்குப் போனார். பையன்கள் அறை எடுத்துத் தங்குகிற தெருக்களாகப் பார்த்து நடக்கிறார். உன் போட்டோவைக் காட்டினால் யாரும் சரியாகப் பார்ப்பதில்லையாம். அதனால் பழைய இரும்பு வண்டிகளைத் தேடுகிறார். ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு குரலைப் பதிவு செய்து ஓடவிடுகிறார்கள். அன்றைக்கு உன் வீட்டு வாசலில் கேட்ட குரல் அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் உன் தங்கைக்கும்தான் தெரியும். அதனால் வண்டிக்காரரை நிறுத்தி, வீட்டுக்குப் போன் பண்ணி, ஒலிபெருக்கிக்கு நேராகப் போனைப் பிடிக்கிறார். "இதா கண்ணு?" என்று கேட்கிறார். "இல்லீங்கப்பா, இது ஆம்பளக் குரலு" என்கிறாள் இவள். "இதா?" "இல்லீங்கப்பா, அதுல ஓடாத மிக்சின்னு வரும்." ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. நேற்று ஒரு குரல் ஏறக்குறைய அது மாதிரியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டோம். அது இல்லை.

ஆகவே, சாமி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தெருவில் இரும்பு வண்டி ஒன்று போகாமல் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தால் அலுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடாதே. எட்டிப் பார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு மேலே பார்க்கத் தோன்றாது, வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நீதான் கீழே இறங்கி வரவேண்டும்.